புள்ளிக் கணக்கு யார் கையில் இருக்கட்டும்? கடைக்கு ஸ்மார்ட் கார்டா, பார்கோடா, போன் நம்பரா

திண்டுக்கல் பக்கத்தில் மூன்று கிளை வைத்து டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்தும் அண்ணாச்சி ஒருவர், போன தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்னால் என்னைக் கூப்பிட்டார். கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் போட்டுக் கொடுப்பதும், அது மக்கர் செய்யும்போது ஓடிப்போய்ச் சரிசெய்வதும் என் தொழில். மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போனவர், மெட்ரோ நிலையத்தில் கார்டைத் தட்டியதும் கதவு திறப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, நம்ம கடைக்கும் அந்த மாதிரி ஒரு கார்டு போட்டுருவோமா? தட்டுனா பாயிண்ட் ஏறணும், அடுத்த வாட்டி தட்டுனா கழியணும். ஒரு கம்பெனிக்காரர் வந்து ஸ்மார்ட் கார்டுன்னு கொட்டேஷனே கொடுத்துட்டுப் போயிட்டார்" என்றார்.

கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். நான்கு வழிகள் போட்டிருந்தார்கள். போன் நம்பரைச் சொன்னால் புள்ளி ஏறுவது ஒன்று. பார்கோடு அச்சடித்த பிளாஸ்டிக் கார்டு இரண்டாவது. சிப் வைத்த, தட்டும் கார்டு மூன்றாவது. கடைசியாக, கடையின் பெயரில் ஒரு ஆப். நான்குக்கும் விலை இருந்தது. எது எந்தக் கடைக்குப் பொருந்தும் என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'ஸ்மார்ட் கார்டு' என்ற பெயரைப் பற்றி. 2017-ல் தமிழ்நாட்டில் பழைய ரேஷன் அட்டைக்குப் பதிலாக வந்ததை நாம் எல்லோரும் ஸ்மார்ட் கார்டு என்றுதான் சொல்கிறோம். அதில் சிப் கிடையாது. க்யூஆர் கோடு மட்டும் அச்சிட்டிருக்கும். கடையில் உள்ள கருவி அதை ஸ்கேன் செய்து, குடும்பத்தின் கணக்கை அரசின் கணினியில் தேடி எடுக்கிறது. அந்த வேலைக்கு அது போதும். ஆனால் மெட்ரோ கார்டு வேறு சாதி. அதற்குள் ஒரு குட்டிக் கணினியோ, குறைந்தபட்சம் பூட்டுப் போட்ட ஒரு நினைவகமோ இருக்கிறது. மீதித் தொகையும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். அதனால் கொட்டேஷன் கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: கார்டுக்குள் சிப் உண்டா? உண்டென்றால் புள்ளி சிப்பில் எழுதப்படுமா, இல்லை சிப்பில் வெறும் எண் மட்டும்தானா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது பழைய மளிகைக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். மாதக் கணக்கில் சாமான் வாங்கும் வீடுகளில் ஒரு சின்ன பற்று நோட்டு இருக்கும். பையனிடம் நோட்டையும் பையையும் கொடுத்து அனுப்புவார்கள். கடைக்காரர் அதில் எழுதித் திருப்பி அனுப்புவார். கடையிலும் பேரேடு ஒன்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் சண்டை வரும். சிப்பில் புள்ளியை எழுதுவது, வாடிக்கையாளர் கையில் அந்தச் சின்ன நோட்டைக் கொடுப்பதுதான். அவரால் திருத்தி எழுத முடியாத நோட்டு என்பது மட்டும் வித்தியாசம். பார்கோடும் போன் நம்பரும் ஆப்பும் பேரேட்டில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று காட்டும் அடையாளங்கள். கணக்கு முழுவதும் கடையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் இரண்டு பெரிய கடைகள் இந்த இரண்டு வழிகளையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எடுத்தன. டெஸ்கோ 1995 பிப்ரவரியில் கிளப்கார்டைத் தொடங்கியது. கார்டில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. எண்ணைப் படித்து, யார் என்ன வாங்கினார்கள் என்பதைச் சேர்த்து வைத்து, டன்ஹம்பி என்ற நிறுவனத்தை வைத்து அலசினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குத் தபாலில் கூப்பன் போனது. பூட்ஸ் மருந்துக்கடைகள் 1997-ல் அட்வான்டேஜ் கார்டைக் கொண்டுவந்தன. அது சிப் கார்டு. புள்ளி அந்தச் சிப்பிலேயே ஏறியது. ஒரு பவுண்டுக்கு 4 புள்ளி, ஒரு புள்ளி ஒரு பென்னி. அப்போதே அதைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம், மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். கடைக்குள் வைத்திருந்த இயந்திரத்தில் கார்டைச் செருகினால் அவரவருக்கான சலுகைகளும் கிடைக்கும்.

நூற்றுக்கு நான்கு திருப்பிக் கொடுக்க பூட்ஸால் முடிந்தது. கிரீமும் வாசனைப் பொருளும் விற்கிற கடையில் லாபம் அப்படி. அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கிற கடையில் அது கட்டாது. டெஸ்கோ நூற்றுக்கு ஒன்றுதான் கொடுத்தது. கார்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. சிப் கார்டு சாதாரண பிளாஸ்டிக் கார்டைப் போலப் பல மடங்கு விலை. மாதம் 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்கும் வீட்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் 30 ரூபாய் புள்ளி. அந்த 30 ரூபாயைக் கொடுக்க எவ்வளவு விலையுள்ள கார்டு வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

தட்டும்போது என்ன நடக்கிறது

சிப் கார்டை வேண்டாம் என்று அவசரமாகத் தள்ளிவிடவும் கூடாது. அது வேலை செய்யும் விதம் அருமையானது, தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

தட்டும் கார்டில் பேட்டரி கிடையாது. கார்டின் ஓரத்தைச் சுற்றி, பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. கல்லாவில் உள்ள ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையை எப்போதும் வீசிக்கொண்டிருக்கும். கார்டு சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் வந்ததும் அந்த அலையிலிருந்தே சுருளில் மின்சாரம் உண்டாகி, சிப் விழிக்கிறது. முதலில் தன் எண்ணைச் சொல்கிறது. பர்ஸுக்குள் இரண்டு மூன்று கார்டு சேர்ந்து இருந்தால் ரீடர் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும். அப்புறம் பரீட்சை. ரீடர் ஒரு எண்ணைக் கொடுத்து 'உன் ரகசியச் சாவியால் இதை மாற்றிக் காட்டு' என்று கேட்க, கார்டும் ரீடரைப் பதிலுக்கு அப்படியே சோதிக்கிறது. சாவி மட்டும் காற்றில் போவதே இல்லை. இரண்டு பக்கமும் தேறினால்தான் புள்ளி இருக்கும் இடம் திறக்கும். படித்து, கூட்டி அல்லது கழித்து, திரும்ப எழுதி முடிக்க ஒரு நொடி கூட ஆகாது.

நம் ஊரில் கொட்டேஷன்களில் '1கே கார்டு' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் மிஃபேர் கிளாசிக் வகை. 1994-லிருந்து இருக்கிறது. மொத்தம் 1,024 பைட் இடம், 16 அறைகளாகப் பிரித்தது. ஒவ்வொரு அறைக்கும் ஏ, பி என்று இரண்டு சாவி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: ஏ சாவியால் கழிக்க மட்டும் முடியும், கூட்டுவதற்கு பி சாவி வேண்டும் என்று கட்டுப்பாடு போடலாம். பயணக் கார்டில் இது நன்றாகப் பொருந்தும். கதவில் இருக்கும் கருவி கழித்தால் போதும், பணம் ஏற்றுவது வேறு இடத்தில். மளிகைக்கடைக் கல்லாவிலோ ஒரே ரீடர்தான் புள்ளியை ஏற்றவும் வேண்டும், கழிக்கவும் வேண்டும். அதனால் இரண்டு சாவியும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தக் கார்டின் நல்ல காவல் ஒன்று நம் கடையில் பாதி வீணாகிறது.

தொகையை எழுதும் முறையும் கவனித்து அமைத்தது. ஒரே எண்ணை மூன்று முறை எழுதுகிறது: இரண்டு முறை நேராக, ஒரு முறை 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் தலைகீழாக்கி. மூன்றும் ஒத்துப்போனால்தான் அது சரியான தொகை. இது எதற்கென்றால், வாடிக்கையாளர் அவசரத்தில் கார்டை இழுத்துவிடுவார். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடும். பாதி எழுதின எண் தவறு என்று கண்டுபிடிக்கலாம், ஆனால் பழைய எண்ணை மீட்டுக் கொடுக்கும் வேலையை மென்பொருள்தான் செய்ய வேண்டும். வேறு ஒரு இடத்தில் நகல் எழுதிவிட்டு அப்புறம் நிஜ இடத்தில் எழுத வேண்டும். டெமோ காட்ட வருபவரிடம் ரீடரில் கார்டை வைத்து, 'டிக்' சத்தம் வருவதற்குள் இழுத்துப் பாருங்கள். பத்து இருபது தடவை. புள்ளி குழம்பினால் அந்த சாப்ட்வேரை வாங்காதீர்கள்.

இன்னொரு பெரிய விஷயம் பூட்டின் வலிமை. மிஃபேர் கிளாசிக்கின் சங்கேத முறை 2007, 2008-லேயே உடைந்துவிட்டது. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வெளியிடப் போனபோது, கார்டு தயாரிக்கும் என்எக்ஸ்பி நிறுவனம் தடை கேட்டு நீதிமன்றம் போனது. 2008 ஜூலையில் நீதிமன்றம் தடை தர மறுத்தது, ஆய்வும் வெளிவந்தது. இன்று அந்தக் கார்டை நகலெடுக்கும் கருவி யாருக்கும் கிடைக்கும். போதாததற்கு, ஆலையிலிருந்து வரும் புதுக் கார்டுகளில் எல்லாச் சாவியும் ஒன்றுதான்: எஃப் என்ற எழுத்து பன்னிரண்டு முறை. அதை மாற்றாமலே கடைக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். இருபது ரூபாய் புள்ளிக்காக யார் உடைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். பண்டிகைக்கு 1,000 ரூபாய் புள்ளி ஏற்றிக் கொடுத்த கார்டை ஒருவர் நகலெடுத்து ஐந்து பேரிடம் கொடுத்தால், கடையால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம். சிப்தான் வேண்டும் என்றால் டெஸ்ஃபயர் வகையைப் போல, ஏஇஎஸ் என்ற வலுவான சங்கேத முறையில் பூட்டிய கார்டை வாங்குங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் தனிச் சாவி இருக்க வேண்டும். அந்தச் சாவிகளை உண்டாக்கும் தாய்ச்சாவி, ரீடருக்குள் போடும் சிம் போன்ற ஒரு சின்ன சிப்பில் பூட்டியிருக்க வேண்டும். பில்லிங் கணினியின் ஃபைலில் கிடக்கக் கூடாது.

சில கம்பெனிக்காரர்கள் சிப்பின் எண்ணை மட்டும் படித்து, கணக்கைக் கணினியில் வைப்பார்கள். அதைச் சிப் கார்டு விலைக்கு விற்பார்கள். இதில் மேலே சொன்ன பரீட்சை எதுவும் நடப்பதில்லை. எண்ணை மாற்றி எழுதக்கூடிய வெற்றுக் கார்டுகள் சந்தையில் கிடைப்பதால், பாதுகாப்பில் இது பார்கோடைவிட ஒரு படி கூட மேலே இல்லை. மூன்றாவது வழிக்குக் காசு கொடுத்து இரண்டாவது வழியை வாங்குகிறோம்.

கார்டு தொலைந்தால்

சேலத்தில் நான் குடியிருந்தபோது ஒரு கடையில் சிப் கார்டு கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் சேர்த்த புள்ளி, 800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பஸ்ஸில் பர்ஸ் பறிபோனது. புதுக் கார்டு கேட்டுப் போனேன். கல்லாவில் இருந்த பெண் நல்லவர், வருத்தத்தோடுதான் சொன்னார்: "அண்ணா, பாயிண்ட் எல்லாம் கார்டுலதான் இருக்கும், எங்க சிஸ்டம்ல தெரியாது." என் பெயரும் போன் நம்பரும் அவர்கள் பாரத்தில் இருந்தன. ஒவ்வொரு பில்லும் அவர்கள் கணினியில் இருந்தது. ஆனாலும் என் புள்ளி இல்லை. தொகை சின்னது, ஆனால் அதற்கப்புறம் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைக்கப் போட்ட திட்டம் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டது.

ஒழுங்காகச் செய்யும் இடங்களில் இதற்கு வழி உண்டு. இரவில் ஒவ்வொரு கல்லாவிலிருந்தும் அன்றைய தட்டல்கள் எல்லாம் தலைமைக் கணினிக்குப் போகும். அங்கே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நிழல் கணக்கு ஓடும். கார்டு தொலைந்தால் அந்த எண்ணைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து எல்லாக் கல்லாவுக்கும் அனுப்பிவிட்டு, நிழல் கணக்கில் உள்ளதைப் புதுக் கார்டில் ஏற்றுவார்கள். சரி, நன்றாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நிழல் கணக்கு கட்டாயம் வேண்டும் என்றால், பேரேடு எப்படியும் கடையில் வந்துவிட்டது. அப்புறம் வாடிக்கையாளர் கையில் இன்னொரு நோட்டு எதற்கு? இரண்டு கணக்கு ஓடினால் இரண்டும் ஒத்துப்போகாத நாளும் வரும்.

அந்த இன்னொரு நோட்டுக்கு ஒரே ஒரு நல்ல காரணம் இருக்கிறது: இணைப்பு இல்லாத இடம். கணக்கு மையக் கணினியில் இருந்து, மூன்று கிளைக்கும் நெட் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள் ஒரே 500 புள்ளியை காலையில் ஒரு கிளையிலும் மதியம் இன்னொன்றிலும் செலவழிக்கலாம். சிப் கார்டில் அது நடக்காது. மீதி அவருடனேயே நடந்து போகிறது. பாரத் பெட்ரோலியம் 1999-ல் பெட்ரோகார்டு கொண்டுவந்தபோதும், பின்னால் லாரிக்காரர்களுக்காக ஸ்மார்ட்ஃப்ளீட் கொண்டுவந்தபோதும் சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்து நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் போன் லைன் இருந்த லட்சணம் நினைவிருப்பவர்களுக்கு அது சரியான முடிவு என்று தெரியும். ஹாங்காங்கின் ஆக்டோபஸ் பயணக் கார்டும் (1997) அப்படித்தான். ரயில் கதவில் கூட்டம் முண்டும்போது மையக் கணினியைக் கேட்டுவிட்டு வர நேரம் இல்லை.

மலையடிவாரத்தில் கடை, சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது என்றால், அல்லது மில் கேன்டீன், கல்லூரி கேன்டீன் என்றால், சிப் கார்டைத் தயங்காமல் போடச் சொல்வேன். கேன்டீனில் புள்ளியோடு முன்பணமும் ஏற்றுவார்கள், வரிசையும் நீளம். ஒரே நிறுவனத்தின் கடையில் மட்டும் செல்லுபடியாகும் முன்பணக் கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. மற்றவர் கடையிலும் செல்லும் என்று ஆக்கினால் விதிகள் வேறு. நம் ஊரில் மூன்று கிளையில் ஒன்று வீட்டம்மா பெயரில் தனி நிறுவனமாக இருப்பது சகஜம். அப்படியிருந்தால் ஆடிட்டரைக் கேட்காமல் முன்பணத்தில் கை வைக்காதீர்கள்.

அண்ணாச்சியின் மூன்று கடையும் டவுனுக்குள்ளேயே இருக்கின்றன. கேபிள் நெட் போனால் போன் டேட்டா இருக்கிறது. அவருக்கு இந்தக் காரணம் இல்லை.

போன் நம்பர்

செலவே இல்லாத வழி இதுதான். கார்டு வேண்டாம், ரீடர் வேண்டாம், வாடிக்கையாளர் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பத்து எண்ணைச் சொன்னால் முடிந்தது. பெரும்பாலான கடைகள் இதில் போய் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இதன் ஓட்டைகள் கல்லாவில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

வரிசையில் பின்னால் நான்கு ஆண்கள் நிற்கும்போது ஒரு பெண் தன் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனையோ பேர் "பாயிண்டே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சங்கடமாக இருக்கும். பில் போட நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, கேட்டால் அழித்துத் தர வேண்டிய பொறுப்பை அந்தச் சட்டம் கடைக்காரருக்கும் கொடுக்கிறது.

அப்புறம் ஓடிபி. நம்பரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால், புள்ளியைச் செலவழிக்க ஓடிபி கேட்பார்கள். கணக்கு அப்பா நம்பரில் இருக்கும், அப்பா துபாயில் இருப்பார். கடைக்கு வந்தது பேரன், அனுப்பியது பாட்டி. நம் வீடுகளில் சாமான் வாங்குவது ஒரு ஆளின் வேலையாக இருப்பதில்லை. கார்டை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பலாம், போனை அப்படி அனுப்ப முடியாது.

நம்பர் கைமாறுவதும் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். பழைய ஆளின் புள்ளி, பெயரோடு, புது ஆளுக்குப் போய்விடும். குறுஞ்செய்தி அனுப்பவும் சும்மா முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிகக் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முதலில் பதிவு செய்ய வேண்டும்.

கல்லாவில் இருப்பவர் தன் நம்பரையே அடிக்கும் பிரச்சினை எல்லா முறையிலும் இருக்கிறது. புள்ளி வேண்டாம் என்று போகிறவரின் பில்லில் தன் கணக்கை ஏற்றிக்கொள்வார். சிப் கார்டு இதைத் தடுக்காது, தன் கார்டைத் தட்டிவிட்டால் போதும். ஒரே கணக்கில் ஒரு நாளில் மூன்று பில்லுக்கு மேல் ஏறினால் இரவு ரிப்போர்ட்டில் காட்டும்படி வைத்துவிட்டால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததும் வேலையை விட்டு அனுப்பாமல் கூப்பிட்டுப் பேசுங்கள். சம்பளம் குறைவான இடத்தில் இது ஏன் நடக்கிறது என்று முதலாளியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பேரேடு கடையில் இருக்கும் எந்த முறையிலும், அந்தப் பேரேட்டைக் காக்கும் பொறுப்பு மிகப் பெரியது. 2020 மார்ச்சில் வேறு எங்கோ திருடப்பட்ட பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்து, டெஸ்கோ கணக்குகளுக்குள் நுழைய ஆட்கள் முயன்றார்கள். டெஸ்கோ சுமார் 6 லட்சம் பேருக்குப் புதுக் கார்டு அனுப்பியது. அதே வாரத்தில் பூட்ஸும் புள்ளியால் பணம் செலுத்துவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. சிப்பை யாரும் உடைக்கவில்லை, உடைக்கத் தேவையே இருக்கவில்லை.

ஹாங்காங்கில் நடந்தது இன்னும் வருத்தமானது. ஆக்டோபஸ் கார்டைப் பெயர் கொடுக்காமலே வாங்கிப் பயன்படுத்தலாம். 2005-ல் அவர்கள் தொடங்கிய புள்ளித் திட்டத்தில் சேர மட்டும் பெயர், போன் எல்லாம் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த கிட்டத்தட்ட 20 லட்சம் பேரின் விவரங்களை வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்து 4.4 கோடி ஹாங்காங் டாலர் சம்பாதித்தது 2010-ல் வெளியே வந்தது. தலைமை அதிகாரி பதவி விலகினார். கார்டின் தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "நம்ம நம்பரை எல்லாம் யார் தம்பி வாங்கப் போறா?" என்றார். டவுனில் புதிதாகத் திறக்கிற நகைக்கடையும் சீட்டுக் கம்பெனியும் வாங்குவார்கள் என்றேன்.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று கடைக்காக ஒரு ஆப்பை யாரும் போனில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் வாரம் கேஷ்பேக்குக்காக இறக்குவார்கள், போனில் இடம் இல்லாதபோது முதலில் அழிப்பதும் அதைத்தான். வேண்டுமானால் கார்டின் பார்கோடையே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள். 2024 மே மாதம் இந்தியாவுக்கு வந்த கூகுள் வாலெட்டிலும் இது மாதிரிக் கார்டுகளைப் போட்டு வைக்கலாம். பல கடைகள் சேர்ந்து ஒரே புள்ளியைக் கொடுக்கும் கூட்டுத் திட்டங்களும் உண்டு. பேபேக் அப்படித்தான் ஓடியது, 2021-ல் பாரத்பே அதை வாங்கி, பின்னர் ஸில்லியன் என்று பெயர் மாற்றியது. மூன்று கிளைக் கடைக்கு அதில் வேலை இல்லை. உங்கள் வாடிக்கையாளரின் பேரேடு மூன்றாம் ஆளிடம் போய்விடும்.

கடைசியாகச் சொன்னது

பார்கோடு கார்டை எடுக்கச் சொன்னேன். மூன்று கடையிலும் ஸ்கேனர் ஏற்கெனவே இருக்கிறது, பிஸ்கட் பாக்கெட்டைப் படிக்கிற அதே ஸ்கேனர் கார்டையும் படிக்கும். புதிதாக வாங்க வேண்டியது கார்டு மட்டுமே. அதையும் பெரிய கார்டு ஒன்று, சாவிக்கொத்தில் மாட்ட சின்னது இரண்டு என்று ஒரே எண்ணில் அடிக்கச் சொன்னேன். பாட்டி ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், பேரன் சைக்கிள் சாவியில் ஒன்றை மாட்டிக்கொள்ளட்டும்.

போன் நம்பர் விருப்பம் இருந்தால் மட்டும். கொடுத்தால் கார்டு தொலைந்தாலும் புள்ளி திரும்பக் கிடைக்கும் என்று கார்டு கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். கொடுக்காதவருக்கும் புள்ளி ஏறும்.

பார்கோடை யாரும் போட்டோ எடுத்து நகலாக்கலாம் என்பது உண்மை. அதனால் ஏற்றுவதற்கு எந்தத் தடையும் வேண்டாம், யார் கார்டை வைத்து வாங்கினாலும் சந்தோஷம். 100 ரூபாய்க்கு மேல் கழிக்கும்போது மட்டும், சேரும்போது வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்த நான்கு இலக்க எண்ணைக் கேட்க வேண்டும். நெட் இல்லாத நேரத்தில் புள்ளி ஏறும், கழியாது. ஏறினது கல்லாவிலேயே தங்கி, நெட் வந்ததும் மையக் கணக்கில் சேரும். இந்த ஒரு விதியால், சிப் கார்டு இல்லாமலே இரண்டு கிளையில் ஒரே புள்ளியைச் செலவழிக்கும் பிரச்சினை போய்விடுகிறது. அதற்கு விலை, எப்போதாவது ஒருவரிடம் "இன்னைக்கு கழிக்க முடியல அக்கா, நாளைக்கு வாங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கோபம் வராமல் சொல்லப் பழக்க வேண்டும்.

கொட்டேஷன் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் வாங்கச் சொன்னது இரண்டு. கார்டு எண்ணும் புள்ளியும் பெயரும் உள்ள முழுப் பட்டியலை எக்செல் கோப்பாக எப்போது கேட்டாலும் தர வேண்டும். பின்னொரு நாள் சிப் கார்டுக்குப் போனால் தாய்ச்சாவி கடை முதலாளியிடம் இருக்க வேண்டும். சாவி விற்பவரிடம் மட்டும் இருந்து, அவர் கடையை மூடிவிட்டால், பத்தாயிரம் கார்டும் வெறும் பிளாஸ்டிக். இரண்டாவதைப் படித்ததும் அந்தக் கம்பெனிக்காரர் போன் செய்து இழுத்தடித்தார். அண்ணாச்சி விடவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் கார்டு கொடுக்கத் தொடங்கினோம். மூன்றாவது நாள், அந்தக் கடையில் முப்பது வருடமாகச் சாமான் வாங்கும் ஒரு பெரியவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏறின புள்ளி மட்டும் அச்சாகியிருந்தது. "மொத்தம் எவ்வளவு இருக்குன்னு போடலையே தம்பி? பற்று நோட்டுல அடியில கூட்டிப் போடுவாங்களே" என்று கேட்டார். அன்று இரவே பில்லின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: பழைய புள்ளி, இன்றைய புள்ளி, ஆக மொத்தம்.